ஏரிக்கரை ஏகாந்தம்

ஆன்மிக வாழ்வில் நாட்டம் கொண்டவர் எவராயினும், என்றேனும் ஒருநாள் அவர் உள்ளத்தில் ஓர் ஏக்கம் எழுகிறது. இந்தச் சந்தடியை விட்டு விலகிச் சில நாட்களேனும் அமைதியான ஓரிடத்தில் இருந்துவர வேண்டும். அங்கே ஒரு நீர்நிலை இருக்க வேண்டும். அதைச் சுற்றி மரங்கள் அடர்ந்திருக்க வேண்டும். அம்மரங்களுக்கிடையே தனித்து நடக்க ஓர் ஒற்றையடிப் பாதை இருக்க வேண்டும் என்ற ஏக்கம் அது. இது குறைகூறத்தக்க ஆசையன்று. ஞானத்திற்குரிய நற்குணங்களை எடுத்துரைக்கும் பகவத்கீதையின் 13-ஆம் அத்தியாயம், தனித்த இடத்தை நாடுதலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தே எண்ணுகிறது.

ஆனால் அவ்வாறு சென்று திரும்பிய அன்பர்கள் பலரும் ஒரு குறையைக் கூறுவதுண்டு. "அங்கே இருந்த மூன்று நாட்களும் மனம் தெளிந்த நீரைப் போல இருந்தது. வீடு திரும்பி மூன்று நாட்கள் ஆவதற்குள் பழைய கோபம், பழைய கவலை, பழைய பரபரப்பு எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. அப்படியானால் அங்கே எனக்குக் கிடைத்தது அமைதிதானா, அல்லது வெறும் ஓய்வா?"

இது மிகவும் நேர்மையான கேள்வி. இதற்குள் மற்றொரு கேள்வியும் மறைந்திருக்கிறது. வீட்டில் முதிய பெற்றோர் இருக்க, அலுவலகத்தில் கடமை காத்திருக்க, அவற்றை விட்டு ஏரிக்கரைக்குச் செல்வது சாதனையா, தப்பித்தலா? இவ்விரு கேள்விகளையும் உடன் எடுத்துக்கொண்டு, உலகம் நன்கறிந்த ஓர் ஏரிக்கரைக்கு மனத்தால் ஒரு யாத்திரை சென்று வருவோம்.

பனி உருகிப் பிறந்த ஏரி

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகருக்கு வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் கான்கார்டு என்ற சிற்றூர் இருக்கிறது. அவ்வூரின் தென்புறத்தில், காட்டின் நடுவே அமைந்துள்ளது வால்டன் ஏரி. அதன் பரப்பு சுமார் 61 ஏக்கர். கரையை ஒட்டிய பாதையில் ஒருமுறை வலம் வந்தால் ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர். நிதானமாக நடப்பவருக்கு ஒரு மணி நேரம் போதும். அந்தப் பாதையிலிருந்து கிளை பிரிந்து காட்டுக்குள் செல்லும் தடங்கள் பல. பைன் மரங்களும் ஓக் மரங்களும் நீர்விளிம்பு வரை இறங்கி வந்து நிற்கின்றன.

இந்த ஏரி தோன்றிய விதமே சிந்தனைக்குரியது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர், வட அமெரிக்காவின் பெரும்பகுதியை மூடியிருந்த பனிப்பாறை மெல்லப் பின்வாங்கியபோது, ஒரு மாபெரும் பனிக்கட்டி மட்டும் பிரிந்து இங்கே தங்கிவிட்டது. அதைச் சுற்றி மணலும் சரளைக்கல்லும் குவிந்தன. காலப்போக்கில் அந்தப் பனிக்கட்டி உருகியது. அது இருந்த இடம் பள்ளமாயிற்று. நிலத்தடி நீர் ஊறி வந்து அப்பள்ளத்தை நிரப்பியது. இன்றும் இந்த ஏரிக்குள் எந்த ஆறும் வந்து விழுவதில்லை. எந்த ஓடையும் இதிலிருந்து புறப்படுவதில்லை. நிலத்தடியில் ஊறும் நீரும் வானத்து மழையுமே இதன் செல்வம்.

இறுகிக் கிடந்தது உருகியதால் ஓர் இடம் வெறுமையாயிற்று. வெறுமையானதால் தெளிந்த நீர் வந்து நிறைந்தது. அகந்தை என்ற பனிக்கட்டியைச் சுமந்துகொண்டு அருளுக்காகக் காத்திருக்கும் நமக்கு, இயற்கை எழுதி வைத்திருக்கும் பாடமாகவே இந்த ஏரியைக் கொள்ளலாம்.

குடிலும் கீதையும்

1845-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், ஹென்றி டேவிட் தோரோ என்ற இளைஞர் இந்த ஏரிக்கரையில் தாமே கட்டிய சிறு மரக்குடிலில் குடியேறினார். அப்போது அவருக்கு வயது 28 நிறைவதற்குச் சில நாட்கள் இருந்தன. நிலம் அவருடைய நண்பரும் வழிகாட்டியுமான எமர்சனுக்குச் சொந்தமானது. குடிலின் நீளம் 15 அடி, அகலம் 10 அடி. இருப்புப்பாதையில் கூலிவேலை செய்த ஓர் அயர்லாந்துக்காரரின் பழைய குடிசையை விலைக்கு வாங்கி, அதன் பலகைகளைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தினார். மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று அரை சென்ட்டையும் விடாமல் கணக்கு எழுதி வைத்தார். உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, ஓர் எழுதுமேசை, மூன்று நாற்காலிகள். 1847 செப்டம்பர் 6 வரை, இரண்டு ஆண்டுகள் இரண்டு மாதங்கள் இரண்டு நாட்கள் அங்கே வாழ்ந்தார். அந்த வாழ்வைப் பற்றி அவர் எழுதிய 'வால்டன்' என்ற நூல் 1854-இல் வெளிவந்தது.

அந்தக் குடிலின் வாழ்வோடு நம் நாட்டின் ஒரு நூலும் கலந்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியரான சார்லஸ் வில்கின்ஸ் மொழிபெயர்த்து, 1785-இல் லண்டனில் வெளியிடப்பட்ட பகவத்கீதை அது. வாணிகம் செய்ய வந்த ஒரு நிறுவனத்தின் ஊழியர், வாணிகத்திற்கு எவ்வகையிலும் உதவாத ஒரு நூலை மொழிபெயர்த்தார். அது கடல் கடந்து, கண்டம் கடந்து, அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு காட்டு ஏரியின் கரையில் ஓர் இளைஞரின் காலைப் பொழுதுகளைத் தனதாக்கிக்கொண்டது. மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டிருக்கும் எவருக்கும் இச்செய்தி ஊக்கமளிக்கும். நாம் ஒரு சொல்லுக்காக ஒரு நாள் முழுவதும் தேடுகிறோம். அச்சொல் எந்தக் கரையில், எந்த மனிதருக்குத் துணையாகப் போய்ச் சேரும் என்பதை நாம் அறிவதில்லை.

தோரோ கீதையைக் கண்மூடி ஏற்றுக்கொண்டவரும் அல்லர். அக்காலத்தில் அவர் எழுதி 1849-இல் வெளியிட்ட முதல் நூலில் கீதையை வானளாவப் புகழ்கிறார். அதே சமயம், அர்ஜுனன் ஏன் போரிட வேண்டும் என்பதற்குக் கண்ணன் போதுமான காரணம் காட்டவில்லை என்று வாதிடவும் செய்கிறார். கேள்வி கேட்பது சிரத்தைக்கு எதிரானதன்று. அர்ஜுனனும் கேட்டான், கேட்டதனால்தான் நமக்குக் கீதை கிடைத்தது.

அர்ஜுனன் விரும்பிய தனிமை

இவ்விடத்தில் நம் இரண்டாம் கேள்வியை எடுத்துக்கொள்வோம். போர்க்களத்தின் நடுவே நின்ற அர்ஜுனன் விரும்பியது என்ன? ஆசிரியர்களையும் உறவினரையும் கொன்று பெறும் அரசைவிடப் பிச்சையேற்று உண்பதே மேல் என்றான். அதாவது அவனும் ஒருவகை ஏகாந்தத்தையே விரும்பினான். தனித்த இடத்தை நாடுதலை ஞானத்தின் இலக்கணமாகக் கூறும் அதே கண்ணன், அர்ஜுனனின் இந்த விருப்பத்தை மட்டும் ஏன் மறுத்தான்?

விருப்பத்தின் வேர் வேறு என்பதால்தான். அர்ஜுனன் துறவை நாடவில்லை; துன்பத்திலிருந்து விலக நாடினான். அவன் கால்கள் காட்டுக்குச் சென்றிருந்தாலும், மனம் குருக்ஷேத்திரத்திலேயே நின்றிருக்கும். 'தம்பிகள் என்ன ஆனார்கள்? யார் வென்றார்கள்?' என்ற எண்ணமே அவனுடைய தியானமாகியிருக்கும். புலன்களை அடக்கிக்கொண்டு மனத்தால் விஷயங்களையே நினைத்துக் கொண்டிருப்பவனைப் பொய்யொழுக்கம் உடையவன் என்று கீதையின் மூன்றாம் அத்தியாயம் கண்டிப்பதும் இதனாலேயே. ஓரிடத்தை நோக்கிச் செல்பவனும் ஓரிடத்திலிருந்து ஓடுபவனும் ஒரே பாதையில்தான் நடக்கிறார்கள்; ஒரே ஏரிக்கரையைத்தான் அடைகிறார்கள். அவர்களுள் யார் எவர் என்பது திரும்பி வரும்போதுதான் தெரிகிறது.

தோரோவின் வாழ்வை இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். அவர் வாழ்ந்த இடம் ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் சற்று அதிகம், அவ்வளவே. அடிக்கடி ஊருக்குச் சென்றார். பெற்றோர் வீட்டில் உணவருந்தினார். நண்பர்கள் குடிலுக்கு வந்தனர். 'இது என்ன வனவாசம்? தாய் வீட்டுச் சோறு உண்டுகொண்டே ஏகாந்தம் பேசலாமா?' என்று அவரை எள்ளி நகையாடியவர்கள் உண்டு; இன்றும் உண்டு. இந்த ஏளனத்திற்கு விடையாக இரண்டு நிகழ்ச்சிகளைச் சிந்திக்கலாம்.

முதலாவது 1846 ஜூலையில் நிகழ்ந்தது. செப்பனிடக் கொடுத்திருந்த காலணியை வாங்குவதற்காகத் தோரோ ஊருக்குள் வந்தார். அடிமை முறைக்குத் துணைபோகும் அரசுக்கு வரி செலுத்த மாட்டேன் என்று சில ஆண்டுகளாகத் தலைவரியைக் கட்டாதிருந்த அவரை அப்போது கைது செய்து சிறையில் அடைத்தனர். அவருக்காக வேறொருவர் வரியைக் கட்டிவிட, மறுநாள் காலை விடுதலையானார். அந்த ஓர் இரவின் சிந்தனையே 1849-இல் கட்டுரையாக வெளிவந்தது. பிற்காலத்தில் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் அக்கட்டுரையைப் படித்து, தம்முடைய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் 1907-இல் அதனை அறிமுகம் செய்தார்.

இரண்டாவது, அதற்கு அடுத்த வாரமே நிகழ்ந்தது. 1846 ஆகஸ்டு 1 அன்று, அடிமை முறை ஒழிப்புக்காகப் பாடுபட்ட கான்கார்டு மகளிர் சங்கத்தார் தங்கள் ஆண்டுக்கூட்டத்தைத் தோரோவின் குடில் வாயிலில் நடத்தினர். தனிமை நாடிக் கட்டிய குடில், துன்புறும் மக்களுக்காகக் கூடிய கூட்டத்திற்கு வாசலைத் திறந்து வைத்தது.

போரிடக் கண்ணன் காட்டிய காரணம் போதாது என்று எழுதிய அவரே, தமக்கு அறம் என்று தோன்றியதைச் செய்ய வேண்டிய வேளை வந்தபோது விலகி நிற்கவில்லை. ஏரியின் அமைதி அவரை மென்மையாக்கியதோடு உறுதியாக்கவும் செய்தது. உண்மையான ஏகாந்தம் தரும் பயன் இதுவே. அது கடமையை மறக்கடிப்பதில்லை; கடமை எது என்பதைத் தெளிவாகக் காணும் கண்ணைத் தருகிறது.

விருப்பமின்றித் தனித்திருந்தவர்கள்

ஏகாந்தத்தின் பெருமையைப் பேசும்போது மறக்கக்கூடாத ஓர் உண்மையும் அந்தக் காட்டில் புதைந்திருக்கிறது. தோரோவுக்கு முன்பே அங்கே வாழ்ந்தவர்கள் இருந்தனர். கான்கார்டில் அடிமைகளாக இருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் அவர்கள். காட்டோ இங்கிரகம், ஜில்பா, பிரிஸ்டர் ஃப்ரீமன் ஆகியோரின் பெயர்களைத் தோரோவே தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். விளைச்சல் குறைந்த அந்த மணற்பாங்கான நிலமே அவர்களுக்குக் கிடைத்தது. ஊர் அவர்களை விளிம்புக்குத் தள்ளியதால் அவர்கள் காட்டில் வாழ்ந்தார்கள்.

ஒருவருக்குத் தவமாக அமைந்த தனிமை, மற்றொருவருக்குத் தண்டனையாக அமைந்திருந்தது. நாம் ஏகாந்தம் தேடிச் செல்லும் வழியில், நம் தெருவிலேயே பேச ஆளின்றித் தனித்திருக்கும் முதியவரின் வீட்டைக் கடந்து செல்கிறோம். முதியோர் இல்லத்தில் மாலைதோறும் வாயிலைப் பார்த்து அமர்ந்திருப்பவர்களுக்கு நாம் தனிமையின் சிறப்பைப் பற்றிச் சொற்பொழிவாற்ற முடியாது. தனித்திருக்கக் கற்றவனின் முதற்கடமை, தனித்து விடப்பட்டவர்களிடம் செல்வதேயாகும்.

ஆழத்தை அளத்தல்

வால்டன் ஏரிக்கு அடியே இல்லை என்று அக்காலத்து ஊரார் நம்பினர். எவரும் அளந்து பார்க்காமலே தலைமுறை தலைமுறையாக அவ்வாறு கூறி வந்தனர். நில அளவைத் தொழில் அறிந்திருந்த தோரோ, 1846-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஏரி உறைந்து கிடந்த குளிர்காலத்தில், பனியின்மீது நடந்து சென்று ஆங்காங்கே துளையிட்டார். மீன்பிடிக்கும் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி இறக்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் அளந்து, மிக ஆழமான இடம் 102 அடி என்று கண்டறிந்தார். இன்றைய அளவீடுகளும் ஏறத்தாழ அதையே கூறுகின்றன. ஏரியின் மிக நீண்ட கோடும் மிக அகன்ற கோடும் சந்திக்கும் இடத்திலேயே அந்த ஆழம் இருக்கக் கண்டு வியந்தார். மனிதனின் ஒழுக்கத்திற்கும் இவ்வாறே அளவெடுக்கலாம் என்பது அவருடைய கருத்து.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, 'என் மனம் அளவிட முடியாதது. என் குழப்பம் அடிகாண முடியாதது' என்று நாமும் அளந்து பாராமலே கூறி வருகிறோம். பொறுமையோடு ஒரு கயிற்றை இறக்கிப் பார்த்தால், நம் துயரங்களுக்கும் அடி உண்டு என்பது தெரியவரும். மற்றொன்று, அலையடிக்கும் காலத்தில் ஆழத்தை அளப்பது கடினம். மேற்பரப்பு அசைவற்று உறுதியாக நின்றபோதுதான் தோரோவால் ஏரியின் நடுவே நடக்கவும் அளக்கவும் முடிந்தது. மனமாகிய ஏரியில் எண்ண அலைகள் அடங்க வேண்டும் என்று யோக நூல்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. அலை அடங்குவது முடிவன்று. அதன் பின்னரே அகழ்ந்து நோக்கும் வேலை தொடங்குகிறது.

ஏரிக்கரைக்குச் சென்று திரும்பியவரின் முதற்கேள்விக்கு இங்கே விடையின் ஒரு பகுதி கிடைக்கிறது. மூன்று நாட்கள் அலை அடங்கியிருந்தது உண்மை. அந்த மூன்று நாட்களில் கயிற்றை இறக்கினோமா? எந்தக் கோபம் எத்தனை அடி ஆழத்திலிருந்து வருகிறது என்று பார்த்தோமா? பாராமல் திரும்பியிருந்தால் நமக்குக் கிடைத்தது ஓய்வு. ஓய்வும் நல்லதே; ஆனால் அதன் ஆயுள் குறுகியது.

தடங்களும் சம்ஸ்காரங்களும்

குடிலில் குடியேறிய ஒரு வாரத்திற்குள், தம் வாயிலிலிருந்து நீர்விளிம்புக்குத் தம் பாதங்களாலேயே ஒரு தடம் உண்டாகிவிட்டதைத் தோரோ கவனித்தார். அதை நீங்கிச் சென்று ஐந்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னும் அத்தடம் மறையவில்லை. மனத்திலும் இவ்வாறே தடங்கள் விழுகின்றன என்பதை உணர்ந்ததும், தாம் அந்த ஏரிக்கரையை விட்டுப் புறப்பட்டதற்குரிய காரணங்களுள் ஒன்றாக அவருக்குப் பட்டது. நல்ல இடமே ஆயினும், அதுவும் பழக்கமாகி மனத்தைக் கட்டிவிடலாம் என்ற விழிப்பு அது. சாதகர்களுக்கு இந்த விழிப்பு இன்றியமையாதது. ஆசிரமமும் காடும் ஏரிக்கரையும்கூடப் பற்றுக்குரிய பொருள்களாகிவிட முடியும்.

தடம் என்பது சம்ஸ்காரத்திற்கு மிகப் பொருத்தமான உவமை. முதல் நாள் நடக்கும்போது புல் மடிகிறது, மறுநாள் நிமிர்ந்துவிடுகிறது. நாள்தோறும் நடந்தால் மண் தெரிகிறது. பிறகு கால்கள் தாமாகவே அவ்வழியில் செல்கின்றன. கோபத்தின் வழியும் அப்படி உண்டானதே. ஜபத்தின் வழியும் அப்படித்தான் உண்டாக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மூன்று நாட்கள் நடந்து விழுகிற தடம், ஆண்டு முழுவதும் நடந்து விழுந்த தடத்தோடு போட்டியிட முடியாது. வீடு திரும்பியதும் பழைய எரிச்சல் ஏன் வந்தது என்ற கேள்விக்கு விடையின் மறுபகுதி இது.

இன்று வால்டன் ஏரியைச் சுற்றிச் செல்லும் பாதையின் இருபுறமும் கம்பிவேலி இட்டிருக்கிறார்கள். அவரவர் விரும்பிய இடத்தில் சரிவில் இறங்கியதால் கரை மண் அரித்துச் செல்லத் தொடங்கியதே அதற்குக் காரணம். நடப்பவருக்கு வேலி ஓர் இடையூறாகத் தோன்றலாம். ஆனால் அந்த வேலிக்கு அப்பால்தான் செடிகள் மீண்டும் வேர்பிடிக்கின்றன. நியமங்களும் விரதங்களும் நம் மனக்கரைக்கு இடப்பட்ட வேலிகளே.

அடியில் படியும் வண்டல்

வால்டன் எப்போதும் அமைதியாகவே இருந்ததில்லை. 1844-இலேயே அதன் மேற்குக் கரையை ஒட்டி இருப்புப்பாதை அமைந்துவிட்டது. தோரோ கேட்ட அந்த ரயிலோசை இன்றும் அங்கே கேட்கிறது. 1866-இல் அந்த ரயில் நிறுவனம் ஏரிக்கரையில் ஒரு கேளிக்கைப் பூங்காவைத் திறந்தது. ஊஞ்சல்களும் படகுகளும் மண்டபமும் அமைந்த அப்பூங்கா 1902-இல் தீக்கிரையாயிற்று, மறுபடியும் கட்டப்படவில்லை. 1922-இல் எமர்சன் குடும்பத்தினரும் பிறரும் ஏரியைச் சூழ்ந்த சுமார் 80 ஏக்கர் நிலத்தை மாநிலத்திற்கு வழங்கினர். அன்று முதல் அது பொதுமக்களுக்குரிய இயற்கைக் காப்பிடமாயிற்று. ஆண்டுதோறும் பல இலட்சம் மக்கள் வருகின்றனர். வண்டி நிறுத்துமிடம் நிறைந்துவிட்டால், இடம் ஒழியும்வரை நுழைவை நிறுத்தி வைக்கிறார்கள். எத்தனை பேரை உள்ளே விடுவது என்பதற்கு ஓர் ஏரிக்கரையே வரம்பு வைத்திருக்கும்போது, வரம்பின்றி எல்லாச் செய்திகளையும் எல்லாக் கவலைகளையும் நாள் முழுவதும் உள்ளே விட்டுக்கொண்டிருக்கும் நம் மனத்தை எண்ணிப் பார்க்கலாம்.

ஏரியின் அடியிலிருந்து வண்டலைத் துளையிட்டு எடுத்து ஆராய்ந்த அறிவியலாளர்கள், 2018-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். மேலே பார்ப்பதற்குத் தெளிவாகத் தோன்றும் ஏரியில் பாசியினங்களின் அமைப்பு கடந்த ஒரு நூற்றாண்டில் மாறிவிட்டிருந்தது. கோடைக்காலத்தில் நீரில் சேரும் பாஸ்பரஸ் சத்தில் பாதிக்கு மேற்பட்டது, குளிப்பவர்கள் நீரிலேயே கழிக்கும் சிறுநீரிலிருந்து வருவதாக இருக்கலாம் என்று முந்தைய ஆய்வுகள் மதிப்பிட்டிருந்தன. ஓடையாகக் கழுவிச் செல்ல வழியில்லாத ஏரி அது. அமைதியை விரும்பி வந்த ஒவ்வொருவரும், 'நான் ஒருவன்தானே' என்று எண்ணி விட்டுச் சென்ற சிறிதளவு அசுத்தம் அடியில் ஆண்டுதோறும் படிந்து பதிவாகியிருக்கிறது.

மனத்தின் நிலையும் இதுவே. யாரும் பார்க்கவில்லை என்று நாம் அனுமதித்த ஒவ்வொரு சிறு பொறாமையும், ஒவ்வொரு சிறு பொய்யும் அடியில் சென்று படிகிறது. நாம் மறந்துவிடலாம், வண்டல் மறப்பதில்லை. புனிதமான இடங்களுக்குச் செல்லும்போது நாம் எதைப் பெற்றோம் என்று மட்டுமே கணக்குப் பார்க்கிறோம். எதை விட்டு வந்தோம் என்பதையும் கேட்க வேண்டாமா?

இதே மண்ணில் இதற்கு மாறான ஒரு படிவும் உண்டு. குடிலை விட்டு வந்த பின்னரும் தோரோ கான்கார்டின் காடுகளில் நாள்தோறும் நடந்தார். 1850-களில், நூற்றுக்கணக்கான செடிகள் முதன்முதலில் பூத்த நாட்களை ஆண்டுதோறும் குறித்து வைத்தார். அவற்றால் அவருக்குப் புகழோ பொருளோ கிடைக்கவில்லை. 1862-இல், 44 வயதில், காசநோயால் காலமானார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரிமாக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் அக்குறிப்புகளை இன்றைய நிலையோடு ஒப்பிட்டு, அங்கே செடிகள் முன்னைவிடச் சராசரியாக ஏறத்தாழ ஒரு வாரம் முன்னதாகவே பூக்கின்றன என்று காட்டினர். புவி வெப்பமடைதலை ஆராய்வோருக்கு அக்குறிப்பேடுகள் இன்று அரிய சான்றுகள். பலனை எதிர்பாராமல், அன்போடும் கவனத்தோடும் செய்த பணி எங்கும் போய்விடுவதில்லை. அதற்குரிய காலத்தில் அது பலன் தருகிறது. கர்மயோகத்திற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

சென்ற நூலும் வந்த பனியும்

1846-47 குளிர்காலத்தில் பனிக்கட்டி வணிகரின் ஆட்கள் வால்டனுக்கு வந்து, உறைந்த ஏரியை வெட்டிக் கட்டிகளாக அடுக்கினர். நியூ இங்கிலாந்தின் ஏரிப்பனியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பும் வாணிகம் 1833-இலேயே தொடங்கிவிட்டது. முதற்கப்பலில் 180 டன் ஏற்றினார்கள். நான்கு மாதப் பயணத்தில் உருகியது போக, சுமார் 100 டன் கல்கத்தாவை அடைந்தது. சென்னைக் கடற்கரையில் இதற்கென 1842-இல் ஒரு கிடங்கும் கட்டப்பட்டது. தாம் நீரெடுக்கும் ஏரியிலிருந்து சென்னை, பம்பாய், கல்கத்தா நகரத்து மக்களும் நீரருந்தப் போகிறார்கள் என்று எண்ணிய தோரோ, காலைதோறும் தாம் கீதையில் மூழ்குவதையும் இதையும் இணைத்துப் பார்த்தார். அவருடைய சிந்தனையில் வால்டனும் கங்கையும் ஒன்றாயின.

ஆனால் அங்கே அடுக்கிய பனியில் பெரும்பகுதி எங்கும் செல்லவில்லை. ஒரு பகுதியை மட்டும் கொண்டு சென்றனர். எஞ்சியது வெயிலில் கிடந்து, 1848 செப்டம்பருக்குள் முழுவதும் உருகி, வந்த ஏரிக்கே திரும்பிவிட்டது. நீராவியால் பனிக்கட்டி செய்யும் முறை வந்தபின், கடல் கடந்த அந்த வாணிகமும் அழிந்தது. சென்னையின் கிடங்கு கைமாறிக் குடியிருப்பாயிற்று. 1897 பிப்ரவரியில், மேலைநாடுகளில் வேதாந்தத்தை முழங்கித் திரும்பிய சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாட்கள் தங்கியது அந்தக் கட்டடத்தில்தான். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனாலும் சென்னை மக்கள் நாவில் அப்பகுதி இன்னும் 'ஐஸ் ஹவுஸ்'தான்.

கடல் கடந்து இங்கு வந்த பனி உருகிவிட்டது. இங்கிருந்து கடல் கடந்து சென்ற ஞானம் உருகவில்லை. உடலின் தாகத்தைத் தணிப்பவை அனைத்தும் வழியிலேயே கரையத் தொடங்குகின்றன. உயிரின் தாகத்தைத் தணிப்பது மட்டும் கொடுக்கக் கொடுக்க வளர்கிறது. நாம் ஏரிக்கரையிலிருந்து எடுத்து வரும் அமைதி வீட்டுக்கு வருவதற்குள் உருகிவிடுகிறது என்றால், நாம் எடுத்து வந்தது பனியா, ஞானமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கரைக்குச் செல்வோர் கருத்திற்கு

இனி, ஏதேனும் ஓர் ஏரிக்கரைக்கோ வனத்திற்கோ சென்றுவர எண்ணும் அன்பர்களுக்குச் சில கருத்துகள்.

புறப்படும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் எதை நோக்கிச் செல்கிறேன், எதிலிருந்து ஓடுகிறேன்? வீட்டில் சமாதானம் செய்துகொள்ள வேண்டிய ஒருவர் இருந்தால், முதலில் அவரிடம் செல்லுங்கள். ஏரி காத்திருக்கும்.

செல்லும்போது குறைவாக எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசியை அணைத்து வையுங்கள். பாதையில் பேசாமல் நடந்து பாருங்கள். உடன் வருபவரிடம் ஒரு மணி நேரம் பேசாதிருப்பதும் அவருக்கு நீங்கள் செய்யும் மரியாதையே. ரயிலோசையோ பிறர் பேச்சோ கேட்டால் வருந்த வேண்டாம். ஓசையில்லாத இடம் உலகில் அரிது. ஓசையைக் கேட்டும் கலங்காத இடம் நம்முள் இருக்கிறது. அதைத் தேடவே வந்திருக்கிறோம்.

அங்கே ஒரு தடவையேனும் கயிற்றை இறக்குங்கள். உங்களை மிகவும் வருத்தும் ஒரே ஓர் எண்ணத்தை எடுத்துக்கொண்டு, அதன் அடி எங்கே இருக்கிறது என்று பொறுமையாகப் பாருங்கள். கண்டதை நான்கு வரிகளில் எழுதி வையுங்கள்.

கரையில் எதையும் விட்டு வராதீர்கள். அங்கிருந்து எதையும் எடுத்தும் வராதீர்கள், ஒரு பழக்கத்தைத் தவிர. அங்கே காலை ஐந்து மணிக்கு எழுந்து கால் மணி நேரம் அமைதியாக அமர்ந்திருந்தீர்கள் என்றால், வீட்டிலும் அதே வேளையில் அதே கால் மணி நேரம் அமருங்கள். மொட்டைமாடியோ பூஜையறையின் மூலையோ போதும். முதல் நாள் புல் நிமிர்ந்துவிடும். நடந்துகொண்டே இருங்கள், தடம் விழும்.

தோரோ வாழ்ந்த குடில் இன்று அங்கே இல்லை. அவர் சென்ற சில ஆண்டுகளில் அதை இடம்பெயர்த்தனர். பின்னர் பிரித்து எடுத்துவிட்டனர். அது நின்ற இடம் எது என்பதும் ஐயத்திற்குரியதாகி, நூறு ஆண்டுகள் கழித்து 1945-இல் நிலத்தை அகழ்ந்து அடித்தளக் கற்களைக் கண்ட பிறகே தெளிவாயிற்று. குடில் ஏகாந்தத்திற்கு ஒரு கருவி மட்டுமே. இரண்டு ஆண்டுகளில் அதன் பணி முடிந்தது. அங்கே விளைந்த தெளிவு அவருடன் ஊருக்குள் சென்றது. சிறை வாசல் கடந்து, கடல் கடந்து, மக்கள் இயக்கங்களுக்கு வலிமையூட்டியது.

நமக்கும் ஏரிக்கரைகள் தேவை. அவற்றுக்குச் செல்வோம், தலைவணங்கி அமர்வோம், அவற்றை மாசுபடுத்தாமல் திரும்புவோம். திரும்பும்போது நம் வீட்டார் நம்மிடம் காணும் பொறுமையே அந்த யாத்திரையின் பலன். உள்ளே இறுகிக் கிடக்கும் 'நான்' என்ற பனி சிறிது சிறிதாக உருகட்டும். அது ஒழிந்த இடத்தில் தெளிந்த நீர் ஊறி நிறைய எல்லாம்வல்ல இறைவன் அருள்புரிவானாக.